இடது காலில் கை வைக்க வேண்டாம்

மார்ச் 3

உனக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். செய்யாமல் இருந்தாலும் இங்கே முகாமில் எங்கள் போன்களை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் கையில் தருவார்கள். போன ஞாயிறு உன் தங்கச்சியிடம் கெஞ்சித்தான் இந்த விலாசம் வாங்கினேன். அவளைத் திட்டாதே.

நலம் விசாரிக்க எழுதவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. என் காலுக்காக எழுதுகிறேன்.

மாரத்தான் அணிக்கான தேர்வு ஓட்டம் இந்த மாதக் கடைசியில். என் வயதில் இதற்கப்புறம் என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. கோச் மூடி மறைக்கவில்லை. "இதுதான்பா உனக்குக் கடைசி பஸ். விட்டுட்டா நடந்துதான் போகணும்" என்றார்.

போன மாதம் வெளியூரில் ஒரு பந்தயம். நன்றாகவே ஓடினேன். திரும்பும் வழியில் பஸ் பழுதாகி, பகல் முழுக்க முட்டியை மடக்கிக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்து வந்தோம். அதற்கப்புறம் இடது கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு. வரவர இறுகுகிறதே தவிர விடவில்லை. முகாமுக்குப் புதிதாக ஒரு மசாஜ்காரர் வந்திருக்கிறார். எல்லோரும் அவரை 'ரோலர்' என்கிறோம். ரோடு போடும் வண்டி மாதிரிதான் காலில் ஏறி இறங்குவார். காலையும் மாலையும் பிடித்துவிடுகிறார். "முடிச்சு விழுந்திருக்கு தம்பி. உடைச்சு விட்டா சரியாயிடும். வலிச்சாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்கிறார். நான் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கவிழ்ந்து கிடக்கிறேன். முடிச்சு உடைகிற வழியைக் காணோம்.

கல்யாணமான நாளிலிருந்து என் காலைப் பிடித்துவிட்டவள் நீ. உன் கை பட்டால் எந்தத் தசையில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாய். வரச் சொல்லவில்லை. வரவும் மாட்டாய். எப்படி அமுக்க வேண்டும், எவ்வளவு அழுத்தம், ஓடுவதற்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் எழுது. ரோலரிடம் காட்டுகிறேன்.

இதையாவது செய்.

நான்


மார்ச் 7

உங்களுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். நான் இருப்பது நீச்சல் மன்றத்தில். குளியலறைகளுக்குப் பின்னால் ஓர் ஈரமான அறை, ரெக்சின் கிழிந்த ஒரு மேசை, அதன்மேல் யாருடைய தோளாவது. சாயங்காலம் வரை தோள்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே டிராயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'இதையாவது செய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆவது' எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்துதான் எழுதினீர்கள்.

போன வருடம் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்து, எலும்பில் விரிசல் இருக்கும் என்று பயந்து, உங்களைக் கேட்காமல் கோச்சிடம் சொன்னேன். அவர் உங்களை நிறுத்தினார். ஸ்கேனில் எலும்பு முழுசாக இருந்தது. அதற்குள் அணி விமானம் ஏறிப் போய்விட்டது. தவறு என்னுடையது. அன்றைக்கும் சொன்னேன், அதற்கப்புறமும் எத்தனையோ தடவை சொன்னேன். நீங்கள் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னீர்கள். "இனிமே உன் கை என் மேல படக்கூடாது." நான் பெட்டியைக் கட்டியது அதற்காகத்தான், நீங்கள் எல்லோரிடமும் சொல்வதுபோல் வேலைக்காக இல்லை.

சரி, காலுக்கு வருகிறேன். ரோலரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஓடி முடித்த அன்றைக்கு ஆழமாக அமுக்கக் கூடாது. உடம்பு ஆறியபின் மேலோட்டமாகத் தடவி விட்டால் போதும். அழுத்திப் பிடிப்பதெல்லாம் ஓரிரு நாள் கழித்து. பந்தயத்துக்கு முன்னால் என்றால் சின்னதாக, சுறுசுறுப்பாக, தசையை எழுப்பிவிடுகிற அளவுக்கு. பந்தயத்துக்கு முந்தின நாள் புது ஆளிடம் போய்ப் படுக்கவே கூடாது. தசை கிழிந்த புதிதில், காய்ச்சலில், தோலில் புண் இருக்கும்போது மசாஜ் என்ற பேச்சே கிடையாது. அமுக்கினால் தசையில் தேங்கிய கழிவெல்லாம் இறங்கிவிடும் என்பார்கள். அது நம் கைக்காகக் காத்திருப்பதில்லை, தானாகவே போய்விடும். கை செய்வது வேறு. இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தும், மனதை அமர்த்தும், தூக்கம் கொடுக்கும். அவ்வளவுதான். துண்டைக் கடிக்க வைக்கிற வலிக்கு அதில் இடமே இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்கு ஒன்று சரியாகப் படவில்லை. பிடிப்பு என்றால் இத்தனை நாளில் விட்டிருக்கும். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இடது கால் வீங்கியிருக்கிறதா? தொட்டால் சூடாக இருக்கிறதா? சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அன்று பஸ்ஸில் தண்ணீர் குடித்தீர்களா?

உங்கள் பதில் வரும்வரை ரோலரை அந்தக் காலில் கை வைக்க விடாதீர்கள். வலது காலைக் கொடுங்கள், முதுகைக் கொடுங்கள். அவர் ஆசை தீரப் பிடிக்கட்டும்.


மார்ச் 10

டாக்டரம்மாவுக்கு,

கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதுகிறேன். மதிப்பெண் போட்டுக்கொள்.

வீக்கம் உண்டு. சாக்ஸைக் கழற்றினால் இடது காலில் பள்ளமாகத் தடம் விழுகிறது, வலது காலில் இல்லை. சூடும் உண்டு. அறையில் என்னோடு இருப்பவன் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, காய்ச்சல் காலுக்கு மட்டும் வந்திருக்கு" என்றான். படுத்தாலும் வலிக்கிறது, நின்றாலும் வலிக்கிறது. ஓடும்போது எல்லாமே வலிப்பதால் தனியாகத் தெரிவதில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி இறங்க வேண்டியிருக்கும் என்று யாருமே குடிக்கவில்லை.

ரோலரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "படிச்சவங்க அப்படித்தான் சொல்வாங்க. முடிச்சு இளகும்போது வீங்கத்தான் செய்யும்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னால் அவர் நேராகக் கோச்சிடம் போவார். 'கால் சரியில்லையாம்' என்பார். அதனால் படுத்தேன். இன்று காலையும் படுத்தேன்.

கோச்சுக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது. அவர் பார்க்கிற பக்கம் நொண்டாமல் ஓடப் பழகிவிட்டேன். அவர் முதுகைத் திருப்பினால்தான் கால் தரையில் எப்படி விழுகிறது என்பது எனக்கே தெரிகிறது.

வீட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கிறது. நீ இல்லாமல் அங்கே இருக்க முடியாமல்தான் முகாமுக்கு முன்கூட்டியே வந்தேன். இதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவில்லை.

பதிலைக் கூரியரில் அனுப்பு. நாள் ஓடுகிறது.


மார்ச் 12

மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

அந்தக் காலில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. ரோலர் மட்டுமில்லை, நீங்களே தேய்த்துக்கொள்ளக் கூடாது. ஓடக் கூடாது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, படுத்தாலும் வலித்தால் அது முடிச்சு இல்லை. காலுக்குள்ளே ஆழத்தில் போகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். தண்ணீரே குடிக்காமல் பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தால் உங்களைப் போல ஓடுகிறவருக்கும் வரும். அதை அமுக்கினால் துண்டு பிய்ந்து ரத்தத்தோடு மேலே போகும். நுரையீரலில் போய் அடைக்கும். ரோலர் காலையும் மாலையும் எதை உடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தால் எனக்குக் கை கால் ஓடவில்லை.

நான் இந்தத் தடவையும் தவறாக இருக்கலாம். கையால் தொட்டுப் பார்த்தபோதே தவறு செய்தவள் காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறேன். தவறாக இருந்தால் முகாம் முழுக்கச் சொல்லிச் சிரியுங்கள், நானும் வந்து சிரிக்கிறேன். காலில் ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை என்றால் அன்றைக்கே திரும்பி வந்து ஓடலாம்.

முகாம் அலுவலகத்துக்கு போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை பேசுங்க மேடம், இப்ப யாரையும் கூப்பிட முடியாது" என்றார்கள். உயிர்போகிற விஷயம் என்றேன். "எல்லாருமே அப்படித்தான் மேடம் சொல்றாங்க" என்றார் அந்த ஆள்.

கோச்சின் நம்பர் என்னிடம் இருக்கிறது. திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நீங்களாகப் போங்கள். உங்கள் வாயால் நீங்களே கோச்சிடம் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

படியேறினால் மூச்சு வாங்குகிறதா, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறதா, இருமல் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஞாயிறு வரை பொறுக்காதீர்கள். எவருடைய போனையாவது பிடுங்கிக் கூப்பிடுங்கள். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன்.


மார்ச் 13

கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

படித்தேன். முதலில் கோபம் வந்தது. மறுபடியும் அதே கதைதானா என்று இருந்தது. போன தடவை எலும்பு, இந்தத் தடவை ரத்தம். தேர்வு வந்தால் என் உடம்பில் உனக்கு மட்டும் ஏதாவது தெரிகிறது. வேறு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அப்புறம் இரண்டாம் தடவை படித்தேன். உன் கையெழுத்து இப்படிக் கோணிப் பார்த்ததில்லை.

போகமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் முகாம் வண்டியில்தான் போக வேண்டும், கோச் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அவர் மனதில் நான் நொண்டிதான். இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது நொண்டியை எதற்கு எடுக்கப் போகிறார்? தேர்வு முடிந்த மறுநாள் நீ சொல்கிற ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். வெட்டியே எடுக்கட்டும்.

மூச்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். நேற்று சாப்பாட்டுக் கூடத்து மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டேன். மாரத்தான்காரன் படியில் நிற்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்சம் இருமல் இருக்கிறது. வலது விலாவில் ஒரு பிடிப்பு. ரோலர் நாளைக்கு முதுகைப் பிடித்து அதை எடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார். சளியாகத்தான் இருக்கும். சளி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு போன் கொடுத்தாலும் உன்னைக் கூப்பிடமாட்டேன். உன் குரலைக் கேட்டால் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். அதனால்தான்.

கோச்சிடம் மட்டும் சொல்லிவிடாதே. நீ அவரைக் கூப்பிட்டால் நமக்குள் மிச்சம் இருப்பதும் அன்றோடு போயிற்று. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. கெஞ்சுகிறேன். ஓடுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. உனக்குத் தெரியாததா?


மார்ச் 14, பஸ்ஸில்

'மாடிப்படியில் நின்றுவிட்டேன்' என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கோச்சைக் கூப்பிட்டேன். மீதியை அதற்கப்புறம்தான் படித்தேன். முழுவதும் படித்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

அவர் எடுத்ததும், "ஏம்மா, போன தடவையும் இப்படித்தானே சொன்னே?" என்றார்.

"ஆமா சார். இந்தத் தடவையும் தப்பா இருந்தா என்னைச் செருப்பால அடிங்க. இப்ப அவரை வண்டில ஏத்துங்க. படி இறங்க விடாதீங்க, தூக்கிட்டுப் போங்க."

அவர் யாரையோ கூப்பிட்டு வண்டிச் சாவி கேட்பது காதில் விழுந்தது. வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. இப்போது போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டது.

உங்களைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருக்கிறேன். பஸ் ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது. இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டு அம்மா, "ஏம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்கிறார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மிச்சம் இருப்பது போகட்டும். வெறுத்துக்கொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்க வெறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆள் இருக்க வேண்டும். இருங்கள்.


மார்ச் 27

உனக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். நேற்றுதான் அனுப்பினார்கள். பஸ்ஸில் நீ எழுதியதை நர்ஸ் என் சட்டையோடு மடித்துக் கொடுத்தார். படித்தேன்.

அன்று நடந்ததை உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோச் அறைக்கு வந்தார். "காலைக் காட்டு" என்றார். காட்டினேன். உடனே நான்கு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கச் சொன்னார். நான் கத்தினேன். உன்னைப் பற்றி அத்தனை பேர் முன்னால் என்னென்னவோ சொன்னேன். அதை எழுத மாட்டேன். நாற்காலியைத் தூக்கியவர்களில் ரோலரும் ஒருவர். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது திடீரென்று மூச்சு பத்தவில்லை. இழுக்கிறேன், உள்ளே போகிறது, ஆனால் பத்தவில்லை. கோச்சின் சட்டையைப் பிடித்தது நினைவிருக்கிறது. அப்புறம் கண் விழித்தபோது நீதான், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில்.

காலில் ரத்தம் கட்டியிருந்ததும் உண்மை, துண்டு மேலே போனதும் உண்மை. வழியில் எங்கேயாவது ஆகியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

நீ அத்தனை நாள் இருந்தாய். என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. முகம் துடைக்கச் சொல்லி நர்ஸ் உன்னிடம் ஈரத்துணியை நீட்டியபோது நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். அவரே துடைத்துவிட்டார். நான் சொன்ன வார்த்தையை நீ காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய் என்று புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். அப்புறம் ஒருநாள் கண்ணைத் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வேலைக்குத் திரும்பிவிட்டாய் என்றார்கள்.

ரோலர் இரண்டு தடவை வந்தார். ஆரஞ்சுப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். "எனக்கு யாரும் சொல்லித் தரல தம்பி. வீங்கினா இன்னும் அமுக்கணும்னுதான் கத்துக்கிட்டேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்தவன் நான்தானே.

தேர்வு ஓட்டம் நடந்து முடிந்துவிட்டது. அறைத்தோழன் தேறிவிட்டான். போனில் சொல்லும்போது சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு பேசினான். அது இன்னும் வலித்தது.

ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். டாக்டரிடம் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "முதல்ல நடங்க. ஓடுறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டேன். அவர் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கோச் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

காலையில் பழக்கத்தில் எழுந்துவிடுகிறேன். ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். வெயில் ஏறியதும் கழற்றி வைக்கிறேன். அதற்கப்புறம் சாயங்காலம் வரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ உயிரைக் காப்பாற்றினாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. எதற்காகக் காப்பாற்றி வைத்தாய் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.


மார்ச் 30

உங்களுக்கு,

நீங்கள் கேட்டிருந்ததைப் படித்தேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

அன்று துணியை வாங்காததற்கு உங்கள் வார்த்தை காரணமில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை நிறுத்த முடியவில்லை. நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்று பின்னால் கட்டிக்கொண்டேன். நீங்கள் தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தூங்கும்போது உங்கள் வாய் திறந்திருக்கும்.

இன்னொன்று. கோச்சைக் கூப்பிட்டபோது ஓட்டக்காரரைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. துணி காயப்போடும்போது கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசி, எனக்குப் புரியவில்லை என்றதும் கோபித்துக்கொள்வாரே ஓர் ஆள், அவர்தான் வந்தார். அவருக்குப் பந்தயமும் கிடையாது, தேர்வும் கிடையாது. அவர் போய்விடக் கூடாது என்றுதான் கூப்பிட்டேன். எதற்காகக் காப்பாற்றி வைத்தாய் என்று என்னைக் கேட்கிறீர்கள். அந்த ஆளை நீங்கள்தான் கண்டுகொள்ளவே இல்லை.

எனக்கும் அவரை முழுதாகத் தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து காலையில் நீங்கள் ஓடப் போயிருப்பீர்கள், மாலையில் நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பேன். ஓடாத உங்களோடு ஒரு நாள்கூட முழுதாக இருந்ததில்லை. உங்களுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இப்படித் தனியாக ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரை வந்து பேசிக்கொண்டிருக்கச் சொல்லி என் தங்கச்சி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருடைய அறுவைப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மன்றத்தில் லீவு சொல்லியிருக்கிறேன். வேலையை விடவில்லை. தங்குவாயா, திரும்பிப் போவாயா என்று வாசலிலேயே கேட்டுவிடாதீர்கள். எனக்கே தெரியாது.

பஸ் சாயங்காலம் வந்து சேரும். பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், அது தூரம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அதனால் தெருமுனையைப் பார்த்து மெதுவாக நடந்து வாருங்கள். யாரும் நேரம் பார்க்கப் போவதில்லை. மூச்சு வாங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மீதித் தூரத்தை நான் நடந்து வருகிறேன்.